கணித மேதை இராமானுஜனின் தனிமை

பெரியோர் வாழ்க்கை வரலாறுகளைப் படிக்கும்போது அவர்கள் எய்திய பெருமைகளை எண்ணி வியந்து நிற்பதே நமது வழக்கம். அவர்கள் உறக்கமின்றிக் கழித்த இரவுகளையும், பேச்சுத் துணைக்கு ஒருவருமின்றி வாடிய நாட்களையும் நூல்கள் ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடுகின்றன. வாலிபப் பருவத்தில் நிற்கும் எமக்கோ அப்பெருமைகளிலும் பார்க்க அந்த நாட்களே கூடிய பாடம் புகட்டத்தக்கன.

எமது ஊர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் அயலவர் தோடம்பழமும் விசுக்கோத்தும் கொண்டு சென்று பார்ப்பர். மனச்சோர்வு கண்டவரைப் பார்க்கச் செல்வோர் மிகச் சிலர். விசர் என்னும் ஒரே சொல்லால் ஊர் அவரை ஒதுக்கிவிடும். பிள்ளையின் கலியாணம் தடைப்படும் என்று அஞ்சி வீட்டாரும் படலையைச் சாத்திக்கொள்வர். நோயின் கடுமை தணிந்த பின்னரும் தனிமையுணர்வும் மனவாட்டமும் மாதக்கணக்கில் விலகாது நிற்பதுண்டு. வெளிப்பார்வைக்கு ஆள் சுகப்பட்டவர். உள்ளே இன்னும் இருள் நீங்கவில்லை. அந்த இடைக்காலத்தைக் கடப்பதே மிகக் கடினம். அதனைக் கடக்க முயன்ற ஒரு தமிழ்மகனின் சரித்திரத்தை இம்மலரிற் கூற விழைகின்றோம். அவரே கணித மேதை ஸ்ரீநிவாச இராமானுஜன்.

நாம் மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்திற் கணித ஆசிரியர்கள் 1729 என்னும் எண்ணின் கதையைச் சொல்லித் தந்தனர். பேராசிரியர் ஹார்டி தாம் வந்த வாடகைக் காரின் இலக்கம் 1729 என்றும், அது சுவையற்ற எண்ணாகத் தோன்றுகிறது என்றும் கூறினாராம். இராமானுஜனோ, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவேறு வழிகளில் எழுதத்தக்க எண்களுள் அதுவே மிகச் சிறியது என்று உடனே விடையிறுத்தாராம். 1இன் கனமும் 12இன் கனமும் கூடினால் 1729; 9இன் கனமும் 10இன் கனமும் கூடினாலும் 1729. கதையைக் கேட்டு வியந்தோம். ஆனால் அப்பொழுது இராமானுஜன் எங்கே, எந்நிலையில் இருந்தார் என்று நாம் கேட்டதில்லை; எவரும் சொன்னதுமில்லை. அவர் இலண்டனின் ஒரு புறத்தே, பட்னி என்னுமிடத்தில், நோயாளர் விடுதி ஒன்றிற் படுத்திருந்தார். ஹார்டி நோயாளியைப் பார்க்க வந்திருந்தார். அந்தக் கட்டிலுக்கு அவர் எவ்வாறு வந்து சேர்ந்தார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு மார்கழி 22ஆந் திகதி ஈரோட்டிலே பாட்டனார் வீட்டிற் பிறந்தார்; வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் ஸ்ரீநிவாச ஐயங்கார் புடைவைக் கடை ஒன்றிற் கணக்கெழுதியவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பஜனை பாடுபவர், மிகுந்த மனத்திண்மையுடையவர். இராமானுஜனுக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தமையால் மூத்த மகன்மீது அவர் கொண்ட பாசம் அளவிறந்ததாயிற்று.

1903ஆம் ஆண்டிற் கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்குக் கிட்டியது. ஏறக்குறைய ஐயாயிரம் தேற்றங்களைக் கொண்ட அந்நூல் அவரை முற்றாக ஆட்கொண்டது. கணிதம் தவிர்ந்த பாடங்களில் மனம் செல்லவில்லை. கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் பெற்ற உபகாரச் சம்பளத்தை இழந்தார். 1905இல் வீட்டாருக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம்வரை ஓடினார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் 1906, 1907ஆம் ஆண்டுகளிற் பரீட்சையிற் சித்தியெய்தவில்லை. 1909இற் சிறுமியான ஜானகியை அவருக்கு மணமுடித்து வைத்தனர். வேலை தேடி அலைந்தவருக்கு இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபா கொடுத்து ஆதரித்தார். 1912ஆம் ஆண்டு பங்குனி முதலாந் திகதி சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாவுக்கு எழுதுவினைஞர் உத்தியோகம் கிடைத்தது.

1913ஆம் ஆண்டு தை 16ஆந் திகதியிட்டு கேம்பிறிட்ஜ் ஹார்டிக்கு அவர் வரைந்த கடிதமும், அது விளைத்த மாற்றமும் உலகறிந்தவை. கடல் கடத்தல் ஆசாரத்துக்கு விரோதமென்று தாயார் முதலிற் தடுத்தார். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவிற் தோன்றி உத்தரவு கொடுத்ததாகக் கூறிப் பின்னர் இசைந்தார். 1914ஆம் ஆண்டு பங்குனி 17ஆந் திகதி நேவாசா என்னும் கப்பல் இராமானுஜனை ஏற்றிக்கொண்டு சென்னையை விட்டுப் புறப்பட்டது. அவருக்கு வயது 26. பின்னே மாமியார் வீட்டில் நின்ற ஜானகிக்கு 14.

இங்கிலாந்திற் புகழ் விரைவில் வந்தது, துணை வரவில்லை. அவர் மரக்கறி உணவே கொள்பவர். திரினிற்றிக் கல்லூரியின் பொதுமண்டபத்தில் உண்ண மறுத்துத் தமது அறையிற் தாமே சமைத்தார். அங்கே கல்லூரி வாழ்க்கையின் நட்புகள் பெரும்பாலும் அப்பொதுமண்டபத்து மேசையிலேதான் உருவாகும். அவருடைய விரதத்தை நாம் குறைகூறோம். அதை அவர் தனியே நோற்க நேர்ந்ததையே எண்ணி இரங்குகின்றோம். 1914 ஆவணியில் முதலாம் உலகப் போர் மூண்டது. அறிஞர் பலர் போர்ப்பணிக்குச் சென்றனர். காய்கறிகளும் பாலும் கிடைப்பது அரிதாயிற்று.

அக்காலத்து நிகழ்ச்சிகள் இரண்டைக் குறிப்பிடுவோம். பிற்காலத்திற் புள்ளிவிபரவியல் மேதையாக விளங்கிய மகாலனோபிஸ் அப்போது கேம்பிறிட்ஜில் மாணவர். ஒரு நாள் இராமானுஜன் இரவெல்லாம் குளிரில் நடுங்குவதாக அறிந்து அவருடைய படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் யாவும் மெத்தையோடு சேர்த்து ஒழுங்காகச் செருகப்பட்டிருந்தன. அவற்றைத் தூக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டுமென்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேலே படுத்து மேலங்கியாற் போர்த்துக்கொண்டிருந்தார். எண்களின் இரகசியங்களை அறிந்த அம்மேதைக்கு ஒரு கம்பளியின் இரகசியத்தைச் சொல்லிக் கொடுக்க அதுவரை எவரும் இருக்கவில்லை.

மற்றது ஒரு விருந்து. நண்பர் சட்டர்ஜியையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் இன்னொரு பெண்மணியையும் அழைத்துத் தம் கையாற் சமைத்துப் பரிமாறினார். இருமுறை வாங்கி உண்டவர்கள் மூன்றாம் முறை போதுமென்றனர். சிறிது நேரத்தில் இராமானுஜனைக் காணவில்லை. காத்திருந்தவர்கள் ஏமாந்து திரும்பினர். சில நாள் கழித்து ஒக்ஸ்போட்டிலிருந்து, திரும்பிவரப் பணம் அனுப்புமாறு கேட்டு ஒரு தந்தி வந்தது. தாம் சமைத்ததை விருந்தினர் மறுத்தது அவரை அவ்வளவு புண்படுத்தியிருந்தது. தனித்திருப்பவர் மனம் எத்துணை மென்மையாகிவிடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1917ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் உடல் நோய் கண்டது. வைத்தியர் பலர் பார்த்தனர். சயரோகம் என்று கொண்டனர். ஈரலைப் பற்றிய அமீபா நோயாகவே இருத்தல் கூடும் என்று 1994இல் யங் என்னும் வைத்திய ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். எந்நோயாயினும் அவர் விடுதி விடுதியாக மாற்றப்பட்டார். தமிழரான வைத்தியர் சௌரி முத்து மெண்டிப் மலையில் நடத்திய ஆரோக்கியசாலையிற் சில காலம் தங்கினார். பின்னர் டாபிஷயரிலுள்ள மற்லொக் விடுதிக்குச் சென்றார். திறந்த காற்றே மருந்து என்று நம்பிய காலம் அது. நோயாளர் அறைகள் குளிர்ந்து கிடக்கும். குளிப்பறைதான் வெதுவெதுப்பாயுள்ளது, ஆதலாற் தாளும் பேனையும் எடுத்துக்கொண்டு அங்கே போகப்போவதாக ஒருமுறை அவர் ஹார்டிக்கு எழுதினார்.

குளிரிலும் கொடியது கடிதமின்மை. தொடக்கத்தில் மாதம் மூன்று நான்கு கடிதங்கள் வீட்டுக்கு எழுதியவர், 1917இன் பின் ஏறக்குறைய ஒன்றுமே எழுதாது விட்டார். வீட்டிலே தாயாருக்கும் ஜானகிக்கும் ஒத்துவரவில்லை. ஜானகி எழுதிய கடிதங்கள் அவரிடம் போய்ச் சேரவில்லை. அவர் எழுதியவை ஜானகி கைக்குக் கிட்டவில்லை. இடையில் நின்று அவற்றைத் தடுத்தவர் தாயாரே என்று ஜானகி பின்னாளிற் தெரிவித்தார். ஜானகி கராச்சியிலிருந்த தமையனார் வீட்டுக்குச் சென்றுவிட்டார். அன்பு மிகுந்த ஒரு தாயின் அன்பே மகனின் தனிமையைப் பெருக்கிற்று. இதனைத் தாயாரைப் பழிப்பதற்காகக் கூறவில்லை. அன்பினாலும் தவறு நேரக்கூடும் என்பதை எமது வீடுகளும் உணரவேண்டும் என்பதற்காகவே கூறுகின்றோம்.

1917இல் திரினிற்றிக் கல்லூரி உறுப்பினர் பதவிக்கான தேர்தலிலும் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. உடல் நோய், பசி, குளிர், போர், கடிதமின்மை, ஏமாற்றம் என்பன ஒன்றுகூடின. 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டன் நிலக்கீழ்ப் புகையிரத நிலையம் ஒன்றில் அவர் தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றார். காவலாளி ஒருவரின் விரைந்த செயலால் உயிர் தப்பினார். அக்காலத்து ஆங்கிலச் சட்டத்தில் அது குற்றம். அச்சட்டம் அங்கு 1961இலும் எமது நாட்டில் 1998இலுமே நீங்கிற்று. பொலிசாரிடம் ஹார்டி நேரிற் சென்று, இவர் றோயல் சங்கத்து உறுப்பினர் என்று கூறி அவரை மீட்டு வந்தார். அப்பொழுது அது உண்மையன்று. சில மாதங்களில் உண்மையாயிற்று. இந்நிகழ்ச்சி நெடுங்காலம் வெளியிற் பேசப்படவில்லை. மறைத்ததன் நோக்கம் நல்லதே. ஆயினும் அவர் பட்ட துன்பத்தை அறியாமலே அவரைக் கொண்டாட நேர்ந்தது நமக்கு நட்டமே.

இனி வருவதே எமக்கு முக்கியமான பகுதி. 1918 வைகாசியில் அவர் றோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவானார். அவ்வாண்டு ஐப்பசியில் திரினிற்றிக் கல்லூரியின் உறுப்பினருமானார். இந்தியருள் அப்பதவி பெற்ற முதல்வர் அவரே. ஆண்டுக்கு 250 பவுண், ஆறு ஆண்டுகளுக்கு. இக்கௌரவங்கள் அவருக்கு ஊக்கமளித்தன என்பதிற் சந்தேகமில்லை. ஆராய்ச்சி மீண்டும் ஊற்றெடுத்தது. ஆயினும் தனிமை தீர்ந்துவிட்டதா? இல்லை. உலகப் புகழ்பெற்ற பதவி கிடைத்து ஒரு மாதம் கழிந்தபின், ஆனி மாதத்தில், இராமலிங்கம் என்னும் தமிழ்ப் பொறியியலாளர் மற்லொக்கிற்குச் சென்று அவரைப் பார்த்தார். அங்கே ஒவ்வாத சாப்பாட்டோடும் சலிப்போடும் போராடும் ஒரு நோயாளியையே கண்டார். பட்டத்தினால் நிரம்பாத வெறுமை ஒன்று உண்டு.

அவ்வெறுமையை ஓரளவேனும் நிரப்பியவை யாவை? முதலாவது, சிறிய உதவிகள். இராமலிங்கம் அவருடன் சில நாட்கள் தங்கினார். உணவுப் பொருள்கள் அனுப்பினார். நோயாளியின் சாப்பாடு, உடல் நிலை, மனநிலை ஆகியவற்றை விரிவாக எழுதி ஹார்டிக்கு அறிவித்தார். இவர் பெயரைக் கணித நூல்கள் கூறுவதில்லை, ஆயினும் வணங்கத்தக்கவர்.

இரண்டாவது, தொழில். கேம்பிறிட்ஜிற் தொடங்கிய பிரிவினைகள் பற்றிய ஆராய்ச்சியை அவர் கைவிடவில்லை. ஓர் எண்ணை எத்தனை வகையிற் கூட்டுத்தொகையாகப் பிரிக்கலாம் என்பதே அது. 4 என்ற எண்ணை, அதனையே ஒரு வகையாகக் கொண்டு, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என மொத்தம் ஐந்து வகையிற் பிரிக்கலாம். 9ஐ 30 வகையிலும் 14ஐ 135 வகையிலும் பிரிக்கலாம். இவை யாவும் ஐந்தினால் வகுபடுவன. 4, 9, 14, 19 என்று ஐந்து ஐந்தாகக் கூட்டிச் செல்லும் எல்லா எண்களுக்கும் இது பொருந்தும் என்று அவர் கண்டு நிறுவினார். இதனை 1919இல் வெளியிட்டார். உடல் தேறுவதும் தளர்வதுமாயிருந்த நாட்களின் கொடை இது. ஒழுங்கற்றுப்போன வாழ்க்கையில், ஒழுங்கு மாறாத எண்கள் அவருக்குப் பற்றுக்கோடாயிருந்தன என்று கொள்வது தவறாகாது.

மூன்றாவது, பார்க்க வந்தவர்கள். ஹார்டி கூச்ச சுபாவமுள்ளவர். ஆறுதல் மொழி கூறத் தெரியாதவர். கட்டிலருகே வந்து என்ன பேசுவதென்று அறியாமற் கார் இலக்கத்தைப் பற்றிப் பேசினார். ஆனால் அதுவே நோயாளியின் உள்ளத்தைத் திறக்கும் திறவுகோலாயிற்று. 1729 கதையை இனி நாம் சொல்லும்போது இதனையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வாடியிருப்பவரிடம் போக நாவன்மை வேண்டியதில்லை, போவதே போதும். அவர் விரும்பும் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் அதனிலும் நன்று.

1919ஆம் ஆண்டு தை மாதத்தில், சென்னைச் சர்வகலாசாலை தமக்கு அளிக்கவிருந்த பணத்தைப் பற்றி அவர் ஒரு கடிதம் எழுதினார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண் கொடுத்து, தமது அவசியச் செலவும் போக, மிகுதியை ஏழைப் பிள்ளைகளினதும் அநாதைகளினதும் கல்விக்கு உபயோகிக்குமாறு கேட்டுக்கொண்டார். தம் துயரத்துக்குள் அமிழ்ந்திருந்தவர் பிறர் துயரத்தை நினைந்தது, மனம் மீண்டுவருவதற்கு ஓர் அறிகுறியாகவே எமக்குத் தோன்றுகின்றது.

அவ்வாண்டு மாசி 27ஆந் திகதி நகோயா என்னும் கப்பலேறித் தாயகம் திரும்பினார். பம்பாய்த் துறைமுகத்திற் தாயாரைக் கண்டதும் ஜானகி எங்கே என்று விசாரித்தார். பின்னர் ஜானகி வந்து சேர்ந்தார். கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் இறுதியிற் சென்னைச் சேத்துப்பட்டிலும் கணவருக்குப் பாலும் கஞ்சியும் கொடுத்து, வெந்நீர் ஒத்தடமிட்டு இரவுபகலாகப் பராமரித்தார். நீ என்னுடன் வந்திருந்தால் எனக்கு இந்நோய் வந்திராது என்ற கருத்துப்பட அவர் ஜானகியிடம் கூறினாராம். ஊர் திரும்பியதும் எல்லாம் சரியாயிற்று என்று நாம் முடித்துவிட முடியாது. பழைய நண்பர்கள் கண்டது பழைய இராமானுஜனையன்று. எளிதிற் சினமும் சலிப்பும் கொள்ளும் மெலிந்த மனிதரையே. வைத்தியத்தையும் சில வேளைகளில் அவர் மறுத்தார். வீட்டில் மாமி மருமகள் பிணக்கும் ஓயவில்லை. தாய்நாட்டிலும் தனிமை முழுதாக நீங்கவில்லை.

ஆயினும் சிலேட்டும் பென்சிலும் கட்டிலை விட்டு அகலவில்லை. 1920ஆம் ஆண்டு தை 12ஆந் திகதி ஹார்டிக்கு இறுதிக் கடிதம் எழுதி, தாம் கண்டுபிடித்த போலித் தீற்றாச் சார்புகள் என்னும் புதியனவற்றை விவரித்தார். சித்திரை 26ஆந் திகதி தமது 32ஆவது வயதில் உயிர் நீத்தார். கடல் கடந்தவர் என்ற காரணத்தால் ஆசாரம் பேணிய உறவினர் பலர் இறுதிக் கிரியைக்கும் வரவில்லை. அவர் கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் திரினிற்றிக் கல்லூரி நூல்நிலையத்திற் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1976இல் அமெரிக்கரான ஜோர்ஜ் அன்ட்றூஸ் கண்ணிற் பட்டன. அறுநூறுக்கு மேற்பட்ட சூத்திரங்கள் அவற்றில் இருந்தன. அந்தச் சார்புகளின் உட்பொருளை 2002ஆம் ஆண்டிலே ஒல்லாந்து தேசத்துச் சுவேகர்ஸ் தெளிவாக்கினார். ஜானகி திருவல்லிக்கேணியில் தையல் தொழில் செய்து வாழ்ந்து, 1994இற் காலமானார்.

இச்சரித்திரத்திலிருந்து ஒரு தப்பெண்ணத்தை எவரும் கொள்ளலாகாது. துன்பம் வந்தமையால் அவர் மேதையானாரல்லர். மேதையாயிருந்தவரைத் துன்பம் நடுவழியில் மறித்தது. நல்ல சாப்பாடும், தடையின்றி வந்த கடிதமும், தக்க வைத்தியமும் கிடைத்திருந்தால் அவர் எவ்வளவோ செய்திருப்பார். அக்காலத்து வைத்தியர்கள் அவர் நெஞ்சறையைச் சோதித்தார்கள். நெஞ்சைச் சோதிக்கும் முறை அன்று வளர்ந்திருக்கவில்லை.

இன்று நிலைமை வேறு. மனச்சோர்வுக்கு மருந்தும் உண்டு, ஆலோசனையும் உண்டு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இயங்குகின்றன. 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் எந்நேரமும் பேசலாம். அங்கே செல்வது வெட்கப்படத்தக்கதன்று. தேறிவருபவர் நாள்தோறும் ஒரு சிறு வேலையைத் தமக்கென வைத்துக்கொள்ளட்டும். அது கணக்காயினும் சரி, பூக்கன்றுக்கு நீர் வார்ப்பதாயினும் சரி. வாட்டம் மீண்டும் ஒரு நாள் எட்டிப் பார்த்தால், எல்லாம் பாழாயிற்று என்று எண்ணற்க. இராமானுஜனுக்கும் அது பலமுறை திரும்பி வந்தது. வந்த நாட்களுக்கிடையேதான் அவர் பணி நடந்தது.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி நின்ற வளவிலே 1974 முதற் சர்வகலாசாலை நடைபெறுகின்றது. ஆதலால் எமது திருநெல்வேலி, வேற்றூர்ப் பிள்ளைகள் வந்து தங்கும் ஊராகிவிட்டது. வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்தோர் எத்தனையோ வாடகை அறைகளில் விளக்கெரியப் படித்துக்கொண்டிருக்கின்றனர். அதேபோல எமது வீட்டுப் பிள்ளைகளும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் குளிரில் தனியறைகளில் இருக்கின்றனர். அவர்களுள் ஓர் இராமானுஜன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தாற்றான் அன்பு செலுத்துவோம் என்பது நியாயமாகுமோ?

ஆகவே சங்கத்து வாலிபர்காள்! பக்கத்து அறையிற் கதவு சாத்தியே கிடக்குமானால் ஒரு முறை தட்டிப் பாருங்கள். ஒரு பிடி சோற்றைச் சேர்ந்திருந்து உண்ணுங்கள். வைத்தியசாலையிலிருந்து மீண்டு வந்த தோழனிடம், முன்பு பேசியது போலவே பேசுங்கள். எழுதவேண்டிய கடிதம் ஒன்று இருக்குமானால் இன்றே எழுதுங்கள். அது உரியவர் கைக்குப் போய்ச் சேர விடுங்கள்.